புகார் வேறு, ஆட்சேபனை வேறு: ஊராட்சி மன்றம் உங்கள் பேச்சைக் கேட்டே ஆக வேண்டிய நாள் எது?

உங்க தாமான் வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு காலைப் பொழுது வந்திருக்கலாம். திடலைச் சுற்றித் தகரத் தடுப்பு. யாரோ படம் எடுத்துப் போடுகிறார். கொஞ்ச நேரத்தில் குழுவே கொதிக்கிறது. “யாரைக் கேட்டு முடிவு பண்ணாங்க?” “நம்மகிட்ட ஒரு வார்த்தைகூட சொல்லலையே!” “ஒய்.பி.கிட்ட சொல்லுங்கப்பா.”

கோபத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் தகரம் அடிக்கும் நாளில் முடிவு எடுப்பதில்லை. மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில் முன்பே முடிவு எடுத்தாகிவிடும். அந்த முடிவுக்கு முன்னால், வட்டாரவாசிகள் பேசுவதற்கென்றே சட்டம் சில நாள்களை ஒதுக்கி வைத்திருக்கிறது. அந்த நாள்களில் நீங்கள் எழுதியதை ஊராட்சி மன்றம் கேட்டே ஆக வேண்டும். அதற்குப் பிறகு எழுதுவதை அது கேட்கலாம், கேட்காமலும் போகலாம்.

அந்த நாள்கள் எவை? யார் பேசலாம்? என்ன எழுதினால் எடுபடும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுருக்கமாகச் சொன்னால்

• ஊராட்சி மன்ற உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. மாநில அரசாங்கம் நியமிக்கிறது.
• குப்பை, குழி, சாக்கடை பற்றிச் சொல்வது புகார். ஒரு திட்டத்தையோ வரி மதிப்பையோ எதிர்த்து எழுதுவது ஆட்சேபனை. இரண்டுக்கும் சட்ட பலம் ஒன்றல்ல.
• ஆட்சேபனைக்குக் கெடு உண்டு. 21 நாள், 4 வாரம் என்று அது குறுகியது.
• அந்தக் கெடுவைத் தெரிந்து வைத்திருப்பவர்களின் குரல்தான் பதிவாகிறது. தெரியாதவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் கணக்கில் வருவதில்லை.

முடிவு எடுப்பது யார்?

மலேசியாவில் 150க்கும் மேற்பட்ட ஊராட்சி மன்றங்கள் உள்ளன. பெரிய நகரம் என்றால் மாநகர் மன்றம், அடுத்த நிலையில் நகராண்மைக் கழகம், சிறிய ஊர்களுக்கு மாவட்ட மன்றம். மாநகர் மன்றத்துக்கு மேயர் தலைவர். மற்ற இரண்டுக்கும் யாங் டிபெர்துவா.

கடை உரிமம், அங்காடிக் கடை, பாசார் மாலாம், பூங்கா, தெருவிளக்கு, சாலையோரச் சாக்கடை, வாகன நிறுத்துமிடம், புதுக் கட்டடத்துக்கான அனுமதி எல்லாமே பெரும்பாலும் இவர்கள் கையில். நாடாளுமன்றத்தில் நடப்பதைவிட உங்கள் ஒரு நாள் வாழ்க்கையை அதிகமாகத் தொடுவது இந்த அலுவலகம்தான்.

தீபகற்பத்தில் இதை நடத்துவது 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171. தலைவரைத் தவிர, குறைந்தது 8 பேர், அதிகபட்சம் 24 பேர் கவுன்சிலர்களாக இருக்கலாம் என்கிறது அது. ஒரு நியமனம் 3 ஆண்டுகளைத் தாண்டக்கூடாது, மறுபடியும் நியமிக்கலாம். அவர்களில் பெரும்பாலோர் அந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும். ஊராட்சி அனுபவமோ, தொழிலில் சாதனையோ, தம் சமூகத்தைப் பிரதிநிதிக்கும் தகுதியோ இருக்க வேண்டும். நடைமுறையில், மாநிலத்தை ஆளும் கட்சிகள் பரிந்துரைக்கும் பெயர்களே அதிகம் வருகின்றன.

சபாவுக்கும் சரவாக்குக்கும் தனிச் சட்டங்கள் உண்டு. கோலாலம்பூர் கதை இன்னும் வேறு. அங்கே கவுன்சிலர்களே கிடையாது. அதிகாரம் மேயரிடம், அதாவது டத்தோ பண்டாரிடம் இருக்கிறது. அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆலோசனை வாரியம் மட்டும்தான். பெட்டாலிங் ஜெயாவில் இருப்பவர் “எங்க வட்டாரக் கவுன்சிலர் யாரு?” என்று கேட்கலாம். எல்லையைத் தாண்டி கோலாலம்பூருக்குள் வந்துவிட்டால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

முன்னாடி ஓட்டுப் போட்டாங்களாமே?

ஆமாம், போட்டார்கள். மலாயாவின் முதல் நகராண்மைத் தேர்தல் 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனில் நடந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கோலாலம்பூர். நாட்டின் முதல் கூட்டரசுத் தேர்தல் 1955இல்தான் வந்தது. ஆக, இந்த நாட்டு மக்கள் ஓட்டுப் போடப் பழகியதே நகராண்மைத் தேர்தலில்தான்.

1957 ஜனவரி 1ஆம் தேதி ஜார்ஜ்டவுன் மாநகராக உயர்ந்தது. அதன் முதல் மேயர் யார் தெரியுமா? தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ். ராமநாதன். முன்பு ஸ்காட் ரோடு என்று இருந்த பினாங்குச் சாலைக்கு இன்று அவர் பெயர்தான். அந்த வழியாகப் போகும் எத்தனை பேருக்கு, ஒரு தமிழர் அந்த நகரின் முதல் மேயராக இருந்தார் என்பது தெரியும்?

1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டு, ஊராட்சி மன்றங்கள் எப்படி நடக்கின்றன என்று ஆராய ஓர் அரச விசாரணை ஆணையம் அமைந்தது. தலைவர், செனட்டர் ஆதி நாகப்பன். இங்கேயும் ஒரு தமிழர். 1968இல் முடிந்த அந்த அறிக்கை, குறைகள் இருந்தாலும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் கதவை முழுசாகச் சாத்திவிட்டது.

பிறகு பினாங்கு அரசாங்கம் ஒரு முயற்சி செய்தது. மாநிலச் சட்டம் ஒன்றை நிறைவேற்றித் தேர்தல் நடத்தப் பார்த்தது. அதற்கு மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்று 2014இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2018 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு பேச்சு மறுபடி எழுந்தது. இனப் பிளவு வரும் என்று அப்போதைய பிரதமர் துன் மகாதீர் மறுத்துவிட்டார்.

இரண்டு பக்கத்திலும் வாதம் உண்டு. “ஓட்டுப் போடுபவருக்குத்தான் பதில் சொல்வார்கள், நியமிக்கப்பட்டவர் நியமித்தவருக்குப் பதில் சொல்வார்” என்பது தேர்தல் கேட்பவர்களின் வாதம். “நகரத்தில் ஓர் இனத்தின் ஆதிக்கம், அதற்கு எதிர்வினை, இன்னொரு தேர்தல் செலவு” என்பது வேண்டாம் என்பவர்களின் பயம். இந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. அது முடியும்வரை நம்மிடம் ஓட்டு இல்லை. அதனால்தான் ஆட்சேபனைக்கான கெடு இவ்வளவு முக்கியம்.

புகாருக்கும் ஆட்சேபனைக்கும் என்ன வித்தியாசம்?

மன்றத்தின் பாரங்களில் இரண்டு மலாய்ச் சொற்களைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று அடுவான். இன்னொன்று பந்தாஹான். தமிழில் ரெண்டையுமே “கம்ப்ளேன் போட்டாச்சு” என்று சொல்லிவிடுகிறோம். அங்கேதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது.

அடுவான் என்பது புகார். ஏற்கெனவே இருக்கும் ஒன்று சரியில்லை என்று சொல்வது. எந்த நாளும் சொல்லலாம். மன்றம் அதைச் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் மறுபடி கேட்கலாம், மேலிடத்துக்குப் போகலாம்.

பந்தாஹான் என்பது ஆட்சேபனை. இன்னும் எடுக்காத ஒரு முடிவை எதிர்ப்பது. இதற்குச் சட்டத்தில் தேதி உண்டு. அந்தத் தேதிக்குள் எழுதினால் உங்களுக்குச் சில உரிமைகள் பிறக்கின்றன: உங்களை நேரில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், முடிவு பிடிக்காவிட்டால் சில வழக்குகளில் மேல்முறையீடும் செய்யலாம். தேதி தாண்டிவிட்டால், ஆயிரம் பேர் கையெழுத்துப் போட்ட மனுவும் ஒரு கடிதமாகத்தான் போய்ச் சேரும்.

புகாரா? முதல்ல சரியான கதவைத் தட்டுங்க

நிறையப் புகார்கள் தேங்கி நிற்பதற்குக் காரணம், அவை தப்பான அலுவலகத்துக்குப் போவது. ஒரு சின்னப் பட்டியல்:

தாமானுக்குள் இருக்கும் சாலை, தெருவிளக்கு, சாலையோரச் சாக்கடை பெரும்பாலும் ஊராட்சி மன்றத்துடையது. கூட்டரசு, மாநில நெடுஞ்சாலைகள் என்றால் பொதுப்பணி இலாகா. ஆறு, பெரிய கால்வாய் என்றால் வடிகால் நீர்ப்பாசன இலாகா. கழிவுநீர்க் குழாய் பொங்கி வழிந்தால் பெரும்பாலான இடங்களில் இண்டா வாட்டர்.

குப்பை எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2011 செப்டம்பர் முதல் கோலாலம்பூர், புத்ராஜெயா, ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ் ஆகிய இடங்களில் குப்பை அள்ளும் பொறுப்பு கூட்டரசுச் சட்டத்தின் கீழ், எஸ்.டபிள்யூ.கார்ப் கண்காணிப்பில் இருக்கிறது. சிலாங்கூர், பினாங்கு, பேராக் அதில் சேரவில்லை. அதனால் ஜொகூர்பாருவில் இருக்கும் உங்கள் அக்கா போகும் கதவும், கிள்ளானில் இருக்கும் நீங்கள் போகும் கதவும் வேறு.

அடுக்குமாடியில் இருக்கிறீர்களா? லிஃப்ட் ஓடவில்லை, தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது என்றால் முதலில் உங்கள் நிர்வாகக் கழகம்தான். அவர்கள் கணக்கே காட்டவில்லை, ஆண்டுக் கூட்டமே போடவில்லை என்றால் கட்டட ஆணையரிடம் போகலாம். அவருடைய அலுவலகம் ஊராட்சி மன்றத்துக்குள்ளேயே இருக்கும். 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது.

எந்தக் கதவானாலும், புகாரில் நாலு விஷயம் இருக்கணும்: சரியான இடம், பக்கத்தில் உள்ள அடையாளம், தேதியும் நேரமும், படம். அனுப்பியதும் கிடைக்கும் குறிப்பு எண்ணை எடுத்து வையுங்கள். எண் இல்லாத புகாரை யாரும் தொடர்ந்து பார்க்க முடியாது.

சட்டம் திறந்து வைக்கும் நாலு ஜன்னல்

முதல் ஜன்னல்: உள்ளூர்த் திட்டம். மலாயில் ரஞ்சாங்கான் தெம்பாத்தான். எந்த நிலத்தில் வீடு, எதில் தொழிற்சாலை, எது பூங்கா, எங்கே எத்தனை அடர்த்தி என்று வரைபடம் போட்டுச் சொல்லும் ஆவணம் இது. 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 172, வரைவுத் திட்டத்தை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்கிறது. ஆட்சேபனை எழுதக் குறைந்தது 4 வாரம் தர வேண்டும். வீட்டு உரிமையாளர்தான் எழுத வேண்டும் என்பதில்லை. வாடகைக்கு இருப்பவரும் எழுதலாம்.

இரண்டாவது: பக்கத்து நிலத்துக்கான திட்ட அனுமதி. மலாயில் கெபெனாரான் மெரஞ்சாங். உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் ஒருவர் கட்டட அனுமதி கேட்டால், மன்றம் பக்கத்து நில உரிமையாளர்களுக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அவர்கள் 21 நாள்களுக்குள் ஆட்சேபிக்கலாம். எழுதியவர் நேரில் பேசக் கேட்டால் கூப்பிட வேண்டும். “பக்கத்து” என்றால் யார்? ஒட்டியிருக்கும் நிலம், 20 மீட்டருக்கு மேல் போகாத சாலையோ சாக்கடையோ நடுவில் இருந்தால் அதற்கு அந்தப் பக்கம், ஒரே முட்டுச் சாலையைப் பயன்படுத்துபவர்கள் என்றால் 200 மீட்டர்வரை.

இந்த 21 நாளுக்குள் ஆட்சேபித்தவர்தான், முடிவு தமக்கு எதிராக வந்தால், மேல்முறையீட்டு வாரியத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக முடியும். வாட்ஸ்அப்பில் திட்டியவரால் முடியாது. ஒய்.பி.யிடம் சொன்னவராலும் முடியாது.

இங்கே ஒரு திருப்பம் இருக்கிறது, கவனிங்க. “உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில்” என்று சொன்னேன் இல்லையா? உங்கள் வட்டாரத்துக்கு அரசிதழில் வெளியான உள்ளூர்த் திட்டம் இருந்தால், பக்கத்து உரிமையாளருக்கு அறிவிக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. காரணம் எளிது: திட்டம் போட்டபோதே மக்களைக் கேட்டாயிற்று என்று சட்டம் கருதுகிறது. சில மன்றங்கள் அதைத் தாண்டியும் அறிவிப்புப் பலகை வைக்கின்றன. ஆனால் அதை நம்பி இருக்க முடியாது.

அதனால் யாருமே எட்டிப் பார்க்காத அந்த வரைபடக் கண்காட்சிதான் உண்மையில் உங்கள் தெருவின் எதிர்காலம் முடிவாகும் இடம். “நம்மகிட்ட கேட்கவே இல்லை” என்று பத்து வருடம் கழித்துக் கோபப்படும்போது, மன்றம் சொல்லக்கூடிய பதில் இது: கேட்டோம், நகராண்மைக் கழக வரவேற்பறையில், நாலு வாரம்.

மூன்றாவது: மதிப்பீட்டு வரி. வீட்டில் சுக்காய் பிந்து என்று சொல்வார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரி கடைசிக்குள்ளும் ஆகஸ்டு கடைசிக்குள்ளும் கட்டுவது. பெரும்பாலான மாநிலங்களில் கணக்கு இப்படி: உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் எவ்வளவு வரும் என்று ஒரு மதிப்புப் போடுவார்கள். அதில் ஒரு விழுக்காடு வரி. ஓர் உதாரணத்துக்கு, மாதம் 1,000 ரிங்கிட் என்றால் ஆண்டு மதிப்பு 12,000. வரி விகிதம் 6 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 720 ரிங்கிட், அரையாண்டுக்கு 360. ஜொகூரில் வாடகைக்குப் பதிலாகச் சொத்தின் மதிப்பை வைத்துக் கணக்கிடுகிறார்கள்.

மன்றம் மறுமதிப்பீடு செய்து புதுப் பட்டியல் போடும்போது, அது முடிவாகும் நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாக எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். ஆனால் “வரி ஜாஸ்தி, கட்ட முடியலை” என்று மட்டும் எழுதினால் எடுபடாது. சட்டம் ஏற்கும் காரணம், “மதிப்பு தவறு” என்பது. அதே வரிசையில் அதே அளவு வீடு எவ்வளவு வாடகைக்குப் போகிறது என்று காட்டுங்கள். அங்கேதான் உங்கள் பலம்.

நான்காவது: மன்றத்தின் கூட்டமே. சட்டம் 171இன் 23ஆம் பிரிவைக் கேட்டால் பலர் ஆச்சரியப்படுவார்கள். ஊராட்சி மன்றத்தின் முழுக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தவை, மன்றம் தீர்மானம் போட்டு மூடினால் தவிர. நீங்கள் போய் உட்கார்ந்து கேட்கலாம். பேச முடியாது, ஆனால் உங்கள் வட்டாரக் கவுன்சிலர் பேசுகிறாரா என்று பார்க்கலாம். குழுக் கூட்டங்களுக்கு இந்த விதி தலைகீழ்: அந்தக் குழு திறக்கத் தீர்மானித்தால்தான் உள்ளே போகலாம். கட்டட விண்ணப்பங்கள் போவது ஓ.எஸ்.சி. என்ற குழுவுக்கு. முக்கியமான பேச்சு பெரும்பாலும் மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

குடியிருப்பாளர்கள் என்றால் யார்? ரிம்பா கியாரா சொல்லும் பாடம்

கோலாலம்பூருக்குத் திட்டமிடலில் தனிச் சட்டம் இருந்தாலும், வட்டாரவாசிகளின் குரல் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அங்கிருந்துதான் பெரிய உதாரணம் கிடைக்கிறது.

தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் ரிம்பா கியாரா என்றொரு பூங்கா. அதன் ஒரு பகுதியில் உயர்மாடிச் சேவைக் குடியிருப்புகள் கட்ட டிபிகேஎல் 2017இல் அனுமதி தந்தது. வட்டாரவாசிகளின் சங்கமும் அக்கம்பக்கத்து அடுக்குமாடிகளின் நிர்வாகக் கழகங்களும் வழக்குப் போட்டன. 2018இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2021இல் மேல்முறையீட்டில் வென்றார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றமும் அவர்கள் பக்கமே நின்று, அந்த அனுமதி செல்லாது என்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன்.

அந்தத் தீர்ப்பு சொன்னது ஒரு பூங்காவைப் பற்றி மட்டுமல்ல. நகரின் கட்டமைப்புத் திட்டம் சும்மா ஒரு வழிகாட்டி இல்லை, டத்தோ பண்டாரைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஆவணம். அதிலிருந்து விலகினால் காரணம் சொல்ல வேண்டும். வழக்குப் போட வட்டாரவாசிகளுக்குத் தகுதி உண்டு. “நாங்க முடிவு பண்ணிட்டோம், அவ்ளோதான்” என்று இனி சொல்ல முடியாது.

இதுவரை நல்ல கதை. ஆனால் இந்தக் கதையில் இன்னொரு கூட்டமும் இருக்கிறது.

அதே இடத்தில் நீண்ட வீடுகளில் சுமார் 100 குடும்பங்கள் இருந்தன. பெரும்பாலும் தமிழர்கள். புக்கிட் கியாரா ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும். தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, 1980களின் தொடக்கத்தில், தற்காலிகம் என்று சொல்லி அந்த வீடுகளில் வைக்கப்பட்டார்கள். நிரந்தர வீடு வரும் என்ற பேச்சோடு ஒரு தலைமுறை வளர்ந்து, அடுத்த தலைமுறையும் வந்துவிட்டது. ரத்தான அந்தத் திட்டத்தில்தான் அவர்களுக்கான வீட்டுக் கட்டடமும் சேர்ந்திருந்தது. அதனால் நீண்ட வீட்டு மக்களின் சங்கம், திட்டம் வேண்டும் என்ற பக்கத்தில் நின்றது.

பூங்காவுக்காகப் போராடியவர்கள், நீண்ட வீட்டுக்காரர்களுக்கு அதே இடத்தில் சிறிய அளவில் வீடு கட்டித் தரலாம் என்றும் சொல்லி வந்தார்கள். ஆக, ஒருவரை ஒருவர் எதிரி என்று பார்க்க வேண்டியதில்லை. இரண்டு தேவைகளையும் ஒரே திட்டத்தில் முடிச்சுப் போட்டு, “பூங்கா வேணுமா, வீடு வேணுமா?” என்ற நிலைக்கு மக்களைத் தள்ளியது யார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

“குடியிருப்பாளர்களின் கருத்து” என்று செய்தியில் படிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞரும் கட்டடக் கலைஞரும் இருக்கும் தாமானில் ஆட்சேபனை அழகாக எழுதப்பட்டு, கெடுவுக்குள் போய்ச் சேரும். அதே வட்டாரத்தின் மலிவு அடுக்குமாடியில் இருப்பவருக்கு அப்படி ஒரு கண்காட்சி நடந்ததே தெரியாது. இருவருக்கும் சட்டம் ஒன்றுதான். ஆனால் பதிவேட்டில் ஒருவருடைய கருத்து மட்டும்தான் இருக்கும். பிறகு “மக்கள் கருத்தைக் கேட்டோம்” என்று மன்றம் சொல்லும்போது அது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

வேறு மாதிரியும் செய்யலாம்

மன்றங்கள் நினைத்தால் வாசலுக்கே வந்து கேட்க முடியும். 2012 முதல் பினாங்கில் நடந்த பாலினச் சமத்துவ, மக்கள் பங்கேற்பு வரவு செலவுத் திட்டம் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தொடக்கத்தில் மலிவு விலை அடுக்குமாடிகளில் இதை முயன்றார்கள். மண்டபத்தில் கூட்டம் போட்டு “யாருக்குக் கேள்வி இருக்கு?” என்று கேட்கவில்லை. பெண்கள், ஆண்கள், இளையோர், முதியோர் என்று தனித்தனியாகக் கேட்டு, எதற்கு முதலில் செலவு செய்யலாம் என்று குடியிருப்பாளர்களையே வாக்களிக்கச் செய்தார்கள்.

தனித்தனியாக ஏன்? எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்தால் பேசுவது யார் என்று உங்களுக்கே தெரியும். நம் ஊர் ஆண்டுக் கூட்டங்களில் பின்வரிசையில் உட்காரும் அம்மாக்கள் வெளியே வந்த பிறகுதானே உண்மையான பிரச்சினையைச் சொல்வார்கள்!

நான் வாடகைக்கு இருக்கேன், எனக்கென்ன?

இளையோரிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மூன்று பதில்கள்.

ஒன்று, மதிப்பீட்டு வரியை உரிமையாளர் கட்டினாலும் அந்தச் செலவு உங்கள் வாடகையில் வந்து சேரும். இரண்டு, 21 நாள் அறிவிப்பு உரிமையாளர் பெயருக்குத்தான் வரும், உங்களுக்கு வராது. அதனால் உள்ளூர்த் திட்டத்துக்கான நாலு வாரம்தான் வாடகைக்காரருக்குக் கிடைக்கும் உண்மையான வாய்ப்பு. மூன்று, உங்கள் அப்பா அம்மா பெயருக்கு வரும் மலாய்க் கடிதத்தை வீட்டில் யார் படிக்கிறார்கள்? “நோத்திஸ்” என்ற தலைப்பில் வந்த கடிதம் மின்சார பில்லோடு சேர்ந்து மேசையில் கிடந்து, கெடு முடிந்துபோன வீடுகள் உண்டு. இரண்டு மூன்று மொழி தெரிந்த பிள்ளை அந்த வீட்டுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி, அதைப் பிரித்துப் படித்துத் தேதியைச் சொல்வது.

எடுபடும் ஆட்சேபனை எப்படி இருக்கும்?

• விண்ணப்பத்தின் குறிப்பு எண், நிலத்தின் லோட் எண், உங்கள் முகவரி மூன்றும் முதல் பத்தியிலேயே.
• திட்டத்தால் உங்களுக்கு நேரடியாக வரும் பாதிப்பு: நெரிசல், வெள்ளம், சரிவு, பள்ளிக்கூட வழி. “வட்டாரமே கெட்டுவிடும்” என்று பொதுவாக எழுதினால் யாருக்கும் பயனில்லை.
• ஆவணத்தோடு ஒப்பீடு: உள்ளூர்த் திட்டத்தில் இந்த நிலம் பூங்கா என்று இருக்கிறது, விண்ணப்பம் வேறு சொல்கிறது என்றால் அந்த ஒரு வரியே பத்துப் பக்கத்துக்குச் சமம்.
• நேரில் பேச விரும்புகிறேன் என்று தெளிவாக எழுதுங்கள். எழுதாவிட்டால் கூப்பிட மாட்டார்கள்.
• எது வேண்டாம் என்பதோடு, எது என்றால் ஒத்துக்கொள்வீர்கள் என்றும் சொல்லுங்கள். அடர்த்தியைக் குறைப்பது, இன்னொரு நுழைவாயில், கூடுதல் வடிகால். முழுசாக மறுப்பதைவிட நிபந்தனை போடுவது மன்றத்துக்கு எளிது.
• கொடுத்ததற்கு முத்திரை போட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். கெடுவுக்குள் கொடுத்தீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

ஒரே கடிதத்தை ஐந்நூறு பேர் நகலெடுத்துக் கையெழுத்துப் போடுவதைவிட, ஐம்பது பேர் தங்கள் சொந்தக் காரணத்தை எழுதுவது மேல். ஐந்நூறும் ஒரே காரணமாகத்தான் படிக்கப்படும். ஐம்பதில் ஐம்பது காரணம் இருக்கும்.

இந்த வாரம் செய்யக்கூடியது

மூன்று விஷயத்தைத் தேடிப் பாருங்கள். உங்கள் வீடு எந்த ஊராட்சி மன்றத்தின் கீழ் வருகிறது? உங்கள் வட்டாரத்துக்கான கவுன்சிலர் யார்? உங்கள் வட்டார உள்ளூர்த் திட்டம் எந்த ஆண்டு வரை, அடுத்த வரைவு எப்போது?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். கோலாலம்பூரின் 2020 திட்ட வரைவு 2008இல் மக்கள் பார்வைக்கு வந்தது. அரசிதழில் வெளியானது 2018இல். அதற்கு அடுத்த 2040 திட்டம் 2025இல் நடப்புக்கு வந்துவிட்டது. இடையில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளி முடித்து வேலைக்கும் போய்விட்டார்கள். ஒரு கெடுவைத் தவறவிட்டால் அடுத்தது வர அவ்வளவு காலம் ஆகலாம்.

பதில் கிடைத்ததும் அதை உங்கள் தாமான் குழுவில் போடுங்கள். முடிந்தால் தமிழிலும் ஒரு வரி எழுதுங்கள்: என்ன திட்டம், எங்கே பார்க்கலாம், கடைசி நாள் எது. கீழ்வீட்டுப் பாட்டிக்கும் எதிர்வீட்டு வாடகைக்காரருக்கும் அந்த ஒரு வரி போய்ச் சேர்ந்தால், அடுத்த முறை மன்றத்தின் பதிவேட்டில் அவர்கள் பெயரும் இருக்கும்.